மீன் ஏணி இருந்தால் வலசை மீன்களுக்கு அணை தடையில்லையா?

கேட்டவர் இரண்டே வரியில் கேட்டிருக்கிறார்: ‘அணையில் மீன் ஏணி கட்டிவிட்டால் வலசை போகும் மீன்களுக்குப் பாதிப்பில்லை என்கிறார்கள். ஏணிக்குள் வந்த மீன்களில் பெரும்பாலானவை மேலே ஏறிவிட்டன என்று ஓர் அறிக்கையும் படித்தேன். அப்படியிருக்க ஆய்வாளர்கள் ஏன் இன்னும் அணைகளைக் குறை சொல்கிறார்கள்?’ மீன் ஏணி என்பது, மீன்கள் அணையைத் தாண்டி மேலே நீந்திப் போக அணையோடு சேர்த்துக் கட்டும் நீர்வழி. இந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு மீன் அணையைத் தாண்டுகிறதா என்பது ஒன்று. தாண்டிய மீன் முட்டையிட்டு, அந்த முட்டையில் பிறந்த குஞ்சு கீழிறங்கி வளர்ந்து, மறுபடியும் மேலேறி வருகிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் இந்தத் துறையில் பாதி வாக்குவாதம் எழுகிறது. ஆற்று மீன்களுக்குக் குறி பொருத்தி அவற்றின் போக்கைத் தொடரும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் தீராத வழக்காக இருப்பதையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன். நான் மீன்களின் பக்கத்தை மட்டும் படித்தவன். பாசனத்தையும் மின்சாரத்தையும் எடைபோட்டு ஓர் அணை வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்தப் பதிலுக்கு இல்லை.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. வலசை மீன்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சால்மன், ஸ்டர்ஜன் எனப்படும் பெருமீன்களில் பல இனங்கள், நம் கடற்கரையில் உள்ளம் என்று அழைக்கப்படும் ஹில்சா போன்றவை கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிரேறுகின்றன. விலாங்கு இதற்கு நேர்மாறாக ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிறது. மூன்றாவது வகை கடலைப் பார்ப்பதே இல்லை. புதுவெள்ளம் வந்ததும் ஆற்றுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறி, முட்டையிட்டுவிட்டுத் திரும்புகிறது. வெப்பமண்டல ஆறுகளில் இந்த மூன்றாம் வகைதான் மிகுதி. பேச்சில் அதிகம் விட்டுப்போவதும் அதுதான். வழியில்லாத உயரமான அணை கட்டப்பட்டால் மேலே ஏறிய மீன்கள் அங்கே அற்றுப்போகும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1938-இல் செயல்படத் தொடங்கிய பானவில் அணைக்கு மீன் ஏணி வைத்தார்கள். அதற்கு மேலே சில ஆண்டுகளில் எழுந்த கிராண்ட் கூலி அணைக்கு வைக்கவில்லை. பானவில்லைத் தாண்டி இன்றும் சால்மன் போகிறது. கிராண்ட் கூலிக்கு மேலே இருந்த கடல்சால்மன் கூட்டங்கள் முடிந்துபோயின. ஆகவே ஏணி பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. சரியான மீனுக்குச் சரியான இடத்தில் வைத்தால் அது வேலை செய்கிறது.

இனி, நீங்கள் படித்த வாசகத்துக்கு வருகிறேன். ‘ஏணிக்குள் வந்த மீன்களில்’ என்ற மூன்று சொற்களைக் கவனியுங்கள். ஏணியின் நுழைவாயிலைக் கண்டுபிடிக்காத மீன் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அணையின் அடிவாரத்தில் ஒரு மீன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வழிகாட்டி நீரோட்டம் ஒன்றுதான். மின்நிலையத்திலிருந்து பெருநீர் இரைச்சலுடன் வெளியேறுகிறது. ஏணியின் வாயிலிலிருந்து வருவதோ அந்தப் பெருநீரில் ஒரு சிறு பங்கு. மீன் வலுவான ஓட்டத்தை நோக்கித்தான் போகும். டர்பைனின் வெளிவாயில் வரை போய் முட்டி நின்று, பின்வாங்கி, கரையோரமாகத் தேடி, மறுபடி அதே இடத்துக்கு வரும். குறி பொருத்திய மீன்களின் பதிவேட்டை வரிவரியாகப் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சி: ஒரே குறியின் எண், அதைப் படிக்கும் அதே வெளிவாயில் கருவி, காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, நள்ளிரவில் மூன்றுமுறை, மறுநாளும் அப்படியே, பிறகு அந்த எண் வருவது நின்றுவிடும். அந்த மீன் கீழே திரும்பிப் போனதா, பிடிபட்டதா, செத்ததா என்பது பதிவேட்டில் இருக்காது. சால்மன் போன்ற மீன்கள் ஆற்றில் ஏறும்போது இரை எடுப்பதில்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே நீந்தி, சினையையும் முதிரச் செய்ய வேண்டும். அணையடியில் கழியும் ஒவ்வொரு நாளும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்த செலவு. எனவே கடந்த மீன்களின் விழுக்காட்டைக் கேட்கும்போது, அணையை நெருங்கிய மீன்கள் எத்தனை, வாயிலைக் கண்டவை எத்தனை, நுழைந்தவை எத்தனை, மேலே வெளியேறியவை எத்தனை, அதற்கு எத்தனை நாள் ஆனது என்று தனித்தனியே கேட்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே போன மீன் சில வேளை மிகைநீரோடு கலிங்கு வழியாகக் கீழே விழுந்து, மறுபடி ஏணியில் ஏறும். ஏணியின் கண்ணாடிச் சாளரத்தில் உட்கார்ந்து எண்ணுபவருக்கு அது இரண்டு மீன்.

ஏணியின் வடிவமும் எல்லா மீனுக்கும் பொருந்தாது. தொட்டி தொட்டியாகப் படியேறும் பழைய ஏணிகள் துள்ளித் தாவும் சால்மனை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. ஸ்டர்ஜன் தாவாது, பெரும்பாலான கெளுத்தி வகைகள் அடித்தரையை ஒட்டியே நகர்பவை, ஹில்சா கூட்டமாக வந்து, மிரண்டால் கூட்டமாகவே திரும்பிவிடும். தாய்லாந்தில் மெகாங்கின் கிளையான மூன் ஆற்றில் 1994-இல் முடிந்த பாக் மூன் அணை இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. அணையின் உயரம் பெரிதல்ல, ஏணியும் இருந்தது. ஆனால் உலக அணைகள் ஆணையம் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஏணி எதிர்பார்த்தபடி செயல்படவில்லை என்றே முடிவு செய்தது. அந்த ஆற்றுப்படுகையில் முன்பு பதிவான மீனினங்கள் 265 என்றும், பின்னர் அணைக்கு மேலே எடுத்த கணக்கெடுப்பில் கிடைத்தவை 96 என்றும் அதில் எழுதியிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் கழித்து ‘169 இனங்கள் அழிந்தன’ என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. இரண்டும் ஒரே முறையில், ஒரே அளவு முயற்சியில், ஒரே பரப்பில் எடுத்த கணக்குகள் அல்ல. கல்லும் விரைநீரும் நிறைந்த இடங்களை நம்பிய இனங்களில் குறைந்தது 50 காணாமல் போயின என்ற கூற்றுதான் ஆணையம் சொன்னது. அதுவே போதுமான அளவுக்குக் கடுமையானது; அதைப் பெருக்கிச் சொல்லத் தேவையில்லை.

மேலே ஏறியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அது பாதிப் பயணம்தான். குஞ்சுகளும், முட்டையிட்ட பின் உயிரோடிருக்கும் தாய்மீன்களும் கீழே இறங்க வேண்டும். ஏணி மேலே ஏறுவதற்கு. இறங்கும் மீன் அதைத் தேடி வராது, பெருநீர் எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். அது பெரும்பாலும் டர்பைன். அங்கே மீனுக்கு ஏற்படும் காயங்கள் நன்கு ஆராயப்பட்டவை. டர்பைனின் சுழலும் தகடான அலகின் நேரடி அடி ஒன்று. அலகைத் தாண்டும் கணத்தில் அழுத்தம் திடீரென விழுவதால் காற்றுப்பை ஊதி வெடிப்பது இன்னொன்று. வேகம் மாறுபடும் நீரடுக்குகளுக்கு நடுவே சிக்கி உடல் முறுக்கப்படுவது மற்றொன்று. இதைக் கண்டறிய ஆய்வாளர்கள் கையாளும் முறை எளிமையானது: மீனின் முதுகில் சுருங்கிய சிறு பலூன்களைக் கட்டி டர்பைனுக்குள் விடுவார்கள், சில நிமிடங்களில் பலூன் தானாக ஊதி மீனை மேற்பரப்புக்குக் கொண்டுவரும், அதை எடுத்துக் காயத்தைப் பார்க்கலாம். மீனின் அளவிலேயே அழுத்தமானி பொருத்திய செயற்கை உருளைகளையும் அனுப்புகிறார்கள். இந்தச் சோதனைகளிலிருந்து ஒன்று தெளிவு: மீன் நீளமாக நீளமாக அலகின் அடிபடும் வாய்ப்புக் கூடுகிறது. பெரிய, மெதுவாகச் சுழலும், காப்லான் என்ற விசிறி வடிவ டர்பைனில் விரலளவு சால்மன் குஞ்சுகளில் பத்துக்கு ஒன்பது அளவில் பிழைக்கலாம். அதே வழியில் ஒரு மீட்டர் நீள விலாங்கு இறங்கினால் கதை வேறு. கடலுக்குப் போகும் முதிர்ந்த விலாங்கு தன் வாழ்நாளில் ஒரே முறை முட்டையிடப் போவது என்பதால் அந்த இழப்பை வேறெதனாலும் ஈடுசெய்ய இயலாது. விலாங்குகள் பெரும்பாலும் இருண்ட இரவுகளில், வெள்ளம் ஏறும்போது கூட்டமாக இறங்குகின்றன. அந்தச் சில இரவுகளில் மட்டும் டர்பைனை நிறுத்திவைப்பது சில இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. நான் அறிந்த தீர்வுகளில் குறைந்த செலவில் நிறையப் பயன் தருவது இது.

ஓர் அணையில் பத்துக்கு ஒன்பது பிழைப்பது நல்ல எண்ணாகத் தோன்றும். கொலம்பியாவில் கலக்கும் ஸ்னேக் ஆற்றின் பல கிளையாறுகளில் பிறக்கும் சால்மன் குஞ்சு கடலை அடைய எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும்: கீழ் ஸ்னேக்கில் நான்கு, கீழ்க் கொலம்பியாவில் நான்கு. ஒவ்வொன்றிலும் 90 விழுக்காடு பிழைத்தால் எட்டின் முடிவில் மிஞ்சுவது 43 விழுக்காடு. 95 விழுக்காடு பிழைத்தாலும் மிஞ்சுவது 66தான். இது கணக்கை விளக்கச் சொன்ன எடுத்துக்காட்டு, அந்த ஆற்றின் அளவீடு அல்ல. ஆனால் ஒவ்வோர் அணையின் அறிக்கையும் தனித்தனியே நல்லதாக இருக்க, ஆறு முழுவதுமாக மீனை இழப்பது எப்படி என்பது இதிலிருந்து புரியும்.

என் பார்வையில் ஏணியைப் பற்றிய பேச்சு மறைத்துவிடும் பெரிய செய்தி அணைச் சுவர் அல்ல, சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர். இதை மிக அழகாகக் காட்டியது மிசூரி ஆற்றின் வெளிர் ஸ்டர்ஜன் பற்றிய ஆராய்ச்சி. அமெரிக்காவில் 1990-இல் அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்ட இந்த மீனின் மேல்மிசூரிக் கூட்டத்தில், முதிர்ந்த மீன்கள் இருந்தன. அவை முட்டையிடவும் செய்தன. ஆனால் பல பத்தாண்டுகளாக ஓர் இளமீன்கூட இயற்கையில் வளர்ந்து சேரவில்லை. உயிரோடிருந்தவை எல்லாம் அணைகள் வருமுன் பிறந்த கிழமீன்கள். எங்கே அறுந்தது சங்கிலி? குஞ்சு பொரிப்பகத்தில் சில மாதம் வளர்த்து ஆற்றில் விட்ட இளமீன்கள் பிழைத்தன. எனவே இரையும் வாழிடமும் போதுமானவை, அறுபட்டது அதற்கு முந்தைய சில நாள்களில்தான் என்று புரிந்தது. முட்டையிலிருந்து வெளிவந்த ஸ்டர்ஜன் குஞ்சால் உடனே நீந்தி நிலைகொள்ள முடியாது. அது அடித்தரையை ஒட்டிய ஓட்டத்தில் பத்து நாளுக்கு மேல் மிதந்துகொண்டே போகும். அதற்குள் ஆறு அதைப் பல நூறு கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். ஃபோர்ட் பெக் அணைக்குக் கீழே பிறந்த குஞ்சு, மிதக்கும் பருவம் முடியுமுன்பே அடுத்த நீர்த்தேக்கமான சகாகாவியாவின் தலைப்பகுதியை அடைந்துவிடுகிறது. அங்கே ஓட்டம் தளர்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டலும் அழுகும் இலைதழையும் படிகின்றன. அடித்தரையில் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாமல் போகிறது. 2015-இல் வெளிவந்த ஆய்வு அந்த இடத்தின் அடிநீரை அளந்து காட்டியதோடு, அவ்வளவு குறைந்த ஆக்சிஜனில் குஞ்சுகள் பிழைப்பதில்லை என்பதை ஆய்வகத்திலும் காட்டியது. இங்கே எந்தச் சுவரும் மீனை மறிக்கவில்லை, எந்த அலகும் அடிக்கவில்லை. மிதக்கப் போதுமான நீளத்துக்கு ஓடும் ஆறு இல்லை, அவ்வளவுதான். எந்த ஏணியாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

தென்னமெரிக்க ஆறுகளில் இதே காரணம் வேறு வடிவில் வருகிறது. 2008-இல் பிரேசில் ஆய்வாளர்கள் இருவர், சில பேராறுகளில் மீன் ஏணியே பொறியாகிவிடுகிறது என்று எழுதினார்கள். முட்டையிட நல்ல இடம் அணைக்குக் கீழேயே இருக்க, ஏணி மீன்களைக் கவர்ந்து, அத்தகைய இடமில்லாத தேக்கத்துக்கு ஏற்றிவிடுகிறது. அப்படி ஏறியவை அசைவற்ற தேக்கத்தைத் தாண்டி மறுபடி கீழே வருவதில்லை. முட்டைகளும் குஞ்சுகளும் தேக்கத்தில் அமிழ்ந்தோ இரையாகியோ போகின்றன. ஏணியின் கணக்கில் இந்த மீன்கள் எல்லாம் வெற்றி. இது எல்லா ஆற்றுக்கும் பொருந்தும் விதி அல்ல. அணைக்கு மேலே நீளமான ஓடும் ஆறும் கிளையாறுகளும் மிஞ்சியிருந்தால் முடிவு மாறும். ஆனால் ஏணி கட்டுமுன் மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற எளிய அறிவுரை அதற்குப் பிறகுதான் வலுப்பெற்றது.

நீரின் அளவும் வெப்பமும் மாறுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீனாவின் யாங்சி ஆற்றில் 1981-இல் கெசோபா அணை ஆற்றை மறித்தபோது சீன ஸ்டர்ஜனின் பழைய முட்டையிடும் இடங்கள் மேலே மாட்டிக்கொண்டன. மீன்கள் அணைக்கு அடியிலேயே ஒரு சிறு பகுதியைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அது நம்பிக்கை தந்தது. 2003-இல் அதற்கு மேலே ‘மூன்று பள்ளத்தாக்கு’ எனப்படும் பேரணையில் நீர் தேக்கத் தொடங்கிய பின், பெருந்தேக்கம் கோடை வெப்பத்தைப் பிடித்துவைத்து மெதுவாக விட்டதால் இலையுதிர்காலத்தில் ஆறு குளிர்வது தள்ளிப்போனது. முட்டையிடும் நாளும் அதனோடு தள்ளிப்போனது. 2013-இல் முதன்முறையாக இயற்கை முட்டையிடல் எதுவும் அங்கே காணப்படவில்லை. அதே ஆற்றின் சீனத் துடுப்புமீன் கடைசியாக உயிரோடு பதிவானது 2003-இல். 2022-இல் அது முற்றாக அழிந்த இனமாக அறிவிக்கப்பட்டது. அணைதான் முழுக் காரணமா என்றால், மீன்பிடிப்பும் மாசும் கப்பல் போக்குவரத்தும் அதே காலத்தில் அந்த ஆற்றை நெருக்கியவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து உறுதி குறைந்த பகுதி தொடங்குகிறது. முதலாவது, தாமதமாக வரும் சாவு. எட்டு அணைகளையும் உயிரோடு தாண்டிக் கடலில் சேர்ந்த குஞ்சு, வழியில் பட்ட களைப்பாலும் காயத்தாலும் சில மாதங்கள் கழித்துக் கடலில் சாகிறதா? சாகிறது என்பதற்குச் சார்பான வாதம் வலுவானது: அணைகளைத் தாண்டும் முறையைப் பொறுத்து, ஒரே ஆண்டில் இறங்கிய குஞ்சுகள் பெரியவையாகத் திரும்பும் விகிதம் வேறுபடுகிறது. எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதல்ல. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, முதன்மை ஓட்டத்தில் அணையே இல்லாத, கனடாவின் ஃபிரேசர் ஆற்றின் குஞ்சுகளும் ஸ்னேக், கொலம்பியா வழியாக இறங்கும் குஞ்சுகளும் கடல் வரையிலான பயணத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் பிழைப்பதாகக் காட்டியது. இதை வைத்து அணையால் தீங்கில்லை என்று சொன்னவர்கள் அவசரப்பட்டார்கள் என்பது என் கருத்து. இரண்டு ஆறுகளின் வெப்பமும், மீன் அளவும், குறியின் எடையும் வேறுபட்டவை. மேலும் அந்த அளவீடு கழிமுகத்தோடு முடிகிறது. வழக்கு இருப்பதோ அதற்குப் பிந்தைய சாவைப் பற்றி. ஆனால் அந்த ஆய்வு ஒரு தேவையான எச்சரிக்கையைக் கொடுத்தது: அணையில்லாத ஆற்றிலும் குஞ்சுகள் பெருமளவில் சாகும், எல்லாச் சாவையும் அணையின் கணக்கில் எழுதக் கூடாது. குஞ்சுகளைப் பிடித்துப் படகில் ஏற்றி அணைகளைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் விடும் முறையும் இதே வழக்கில்தான் நிற்கிறது. வழியில் சாவது குறைகிறது என்பது உறுதி. வளர்ந்து திரும்பும்போது பிறந்த ஓடையைத் தவறவிட்டு வேறெங்கோ அலைவது கூடுகிறது என்பதும் தெரிந்ததே. நிகர பயன் இனத்துக்கு இனம், மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

இரண்டாவது ஐயம், காரணத்தைப் பிரித்தறிவது. கங்கையில் முன்பு அலகாபாத் வரையிலும் அதற்கு அப்பாலும் ஏறிய ஹில்சா, 1975-இல் ஃபராக்கா தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்த பின் மேலே ஏறத்தாழ மறைந்துபோனது. இடம், காலம் இரண்டும் பொருந்துவதால் தடுப்பணைக்கு மேலே நடந்த வீழ்ச்சிக்கு அதைக் காரணம் காட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. தடுப்பணைக்குக் கீழே, கழிமுகத்தில் பிடிபடும் அளவு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எவ்வளவு பங்கு குறைந்த நீர்வரத்தால், எவ்வளவு பங்கு சிறுகண் வலையால், எவ்வளவு வண்டலால் என்று பிரிப்பது மிகக் கடினம். ஐரோப்பிய விலாங்கிலும் இதே நிலை. கடலிலிருந்து ஆறுகளுக்கு வந்துசேரும் குஞ்சுகளின் அளவு 1980-களின் தொடக்கத்துக்குப் பிறகு 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது என்பதில் ஐயமில்லை. அணைகள், மீன்பிடிப்பு, ஒட்டுண்ணி, மாசு, கடல்நீரோட்ட மாற்றம் ஆகியவற்றுள் எது எவ்வளவு என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. பெரும்பாலான அணைகளுக்கு முன்பு மீன்களை யாரும் முறையாக எண்ணவில்லை என்பதே இதற்கு அடிப்படை. எண்ணத் தொடங்கியபோது ஆறு ஏற்கெனவே மாறியிருந்தது. இந்த இடத்தில் ஓர் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1970 முதல் 2020 வரை நன்னீர் வலசை மீன்கள் 81 விழுக்காடு சரிந்தன என்று 2024-இல் செய்திகள் வந்தன. நூறு மீனில் 81 மீன் போய்விட்டது என்பது அதன் பொருளல்ல. கண்காணிக்கப்பட்ட மீன்கூட்டங்கள் ஒவ்வொன்றின் ஏற்றத்தாழ்வையும் எடுத்துக் கண்ட சராசரி அது. சிறு கூட்டமும் பெருங்கூட்டமும் அதில் சம எடை பெறலாம். திசை சரியானது, எண்ணைப் பொருள் தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

நாங்கள் பயன்படுத்தும் கருவிகளின் எல்லையையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. மிகுதியாகப் பயன்படும் குறி, அரிசிமணியைவிடச் சற்று நீண்ட, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் குமிழ். அதில் மின்கலம் கிடையாது. படிப்பான் கருவியின் அருகே வரும்போது மட்டும் தன் எண்ணைச் சொல்லும். ஆண்டுக்கணக்கில் உழைக்கும், ஆனால் படிப்பான் இல்லாத இடத்தில் மீன் என்ன செய்தது என்று தெரியாது. ஒலி எழுப்பும் குறிகள் தொலைவிலிருந்து கேட்கும். அவை பெரியவை, மின்கலம் தீரும், மிகச்சிறிய குஞ்சுக்குப் பொருத்த முடியாது. குறி மீனின் எடையில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பழைய வழக்கம். ஆக, ஆய்வில் பிழைத்ததாகக் காட்டப்படுவது பெரும்பாலும் சற்றுப் பெரிய, நலமான மீன். இந்தக் குறைகள் இல்லாதது மீனே சுமக்கும் குறியான செவிக்கல். தலைக்குள் இருக்கும் அந்தச் சிறு சுண்ணக்கல்லை எடுத்து, பிசினில் பதித்து, நடுப்புள்ளி தெரியும்வரை பொறுமையாகத் தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், மரத்தின் வளையங்களைப்போல் நாள்வளையங்கள் ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தெரியும். நடுவிலிருந்து விளிம்புவரை லேசரால் சுரண்டி, நன்னீரைவிடக் கடல்நீரில் பொதுவாக மிகுந்திருக்கும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தை அளந்தால், அந்த மீன் எந்த வயதில் கடலுக்குப் போனது, எப்போது திரும்பியது என்று படிக்கலாம். ஸ்ட்ரான்சியத்தின் ஐசோடோப்பு விகிதம் எந்தக் கிளையாற்றின் பாறைமீது ஓடிய நீர் அது என்றுகூடச் சொல்லும். அமேசானின் தோராடா என்ற பெருங்கெளுத்தி, ஆண்டிஸ் மலையடிவாரத்தில் பிறந்து, கழிமுகத்தில் வளர்ந்து, மீண்டும் மலையடிவாரத்துக்கே வந்து முட்டையிடுகிறது என்பதை உறுதிசெய்ய இந்தக் கல்லே உதவியது. போய்வரும் தொலைவு 11,000 கிலோமீட்டருக்கு மேல். நன்னீருக்குள்ளேயே நடக்கும் வலசைகளில் இதைவிட நீண்டது அறியப்படவில்லை. அதன் வழியில் மடெய்ரா ஆற்றில் இப்போது இரண்டு பெரிய அணைகள் இருக்கின்றன. செவிக்கல்லின் குறையும் வெளிப்படையானது: அதைப் படிக்க மீனைக் கொல்ல வேண்டும், திரும்பி வந்த மீனின் கல் மட்டுமே கிடைக்கும், வழியில் செத்ததன் கல் கிடைக்காது.

அணையை அகற்றினால் மீன் திரும்புகிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அணையின் பங்கை மற்றக் காரணங்களிலிருந்து பிரித்துக் காட்டும் மிகத் தெளிவான சோதனை அதுவே என்பதால் சொல்கிறேன். வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில், கழிமுகத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் 1913-இல் ஓர் அணையும், அதற்கு மேலே 1927-இல் 64 மீட்டர் உயரத்தில் இன்னோர் அணையும் எழுந்தன. இரண்டிலும் மீன்வழி இல்லை. 2011-இல் தொடங்கி 2014-க்குள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். சால்மன் இனங்கள் பழைய பகுதிகளுக்கு ஏறின; முழு மீட்சி மெதுவாகவே நடக்கிறது, திரும்பியவற்றில் பொரிப்பகத்தில் பிறந்தவையும் கலந்திருக்கின்றன. என்னை வியப்பில் நிறுத்தியது சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த, ரெயின்போ டிரவுட் எனப்படும் வானவில் மீன்தான். அணைக்கு மேலே நூறாண்டு அடைபட்டுக் கடலைக் காணாமல் வாழ்ந்த அதன் சந்ததிகள், வழி திறந்ததும் கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பத் தொடங்கின. கோடையில் ஏறும் வகை மீண்டும் தோன்றியதில் மேலே அடைபட்டிருந்த மரபின் பங்கு இருப்பதை மரபணு ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் 2024 இலையுதிர்காலத்துக்குள் அகற்றப்பட்டபோது, சில வாரங்களுக்குள்ளேயே சால்மன் பழைய அணையிடங்களைத் தாண்டி மேலே காணப்பட்டது. எல்லா அணையையும் எடுக்க முடியாது. தேங்கிய வண்டல் ஒரே நேரத்தில் இறங்குவதால் முதல் சில ஆண்டுகளில் கீழ்ப்பகுதி மீன்களுக்குத் துன்பமும் உண்டு. இன்னொன்று: பெரிய அணைகளைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் 2020-இல் வெளிவந்த ஐரோப்பியக் கணக்கெடுப்பு அந்தக் கண்டத்து ஆறுகளில் குறைந்தது 12 லட்சம் தடைகள் இருப்பதாகச் சொன்னது, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவான உயரம் கொண்டவை. பயன்பாடு முடிந்துபோன அத்தகைய சிறு தடுப்புகளை எடுப்பது, பேரணைக்கு விலையுயர்ந்த ஏணி கட்டுவதைவிடப் பல ஆறுகளில் மீனுக்கு அதிகம் உதவும் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் படித்த அறிக்கையின் முழுப் பிரதி கைக்கு வந்தால், முன்னுரையை விட்டுவிட்டு நேரே செய்முறைப் பகுதிக்குப் போங்கள். சோதனை மீன்களை எங்கே பிடித்தார்கள் என்று பாருங்கள். ஏணிக்குள்ளேயே பிடித்துக் குறியிட்டிருந்தால் அவை வழியைக் கண்டுபிடித்துவிட்ட மீன்கள். அவற்றின் வெற்றி விகிதம் அதிகமாக இருப்பது இயல்பு. எந்த இனம், எத்தனை, ஆற்றில் வெள்ளம் எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். பிறகு, மேலே போன மீன்களின் குஞ்சுகளை அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அணைக்கு மேலேயும் கீழேயும் தேடினார்களா என்று பாருங்கள். தேடவில்லை என்றால், அந்த அறிக்கை ஏணியின் கட்டுமானத்தைப் பற்றி நேர்மையாகவே எழுதப்பட்டிருக்கலாம். மீனினம் பிழைக்கிறதா என்ற உங்கள் கேள்வியை அது தொடவில்லை.